மாறுதல் நிலை, இரண்டாம் ஆண்டு

எழிலகம் நாலாவது மாடியில்
கடற்காற்று வருகிற ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான்
தாள்களைப் பிரிக்க வேண்டும்.
அங்கக வேளாண்மை மானிய விண்ணப்பம், கலம் பதினொன்று:
கடைசியாக ரசாயன உரம் இட்ட நாள்.

ஏகாம்பரி, க/பெ முனிரத்தினம்,
பெரியபாளையம் பக்கம், ஒரு ஏக்கர் இருபது சென்ட்,
நீல மையில் எழுதியிருந்தாள்:
சின்னவளுக்குக் காது குத்தின மாசம்.

கம்ப்யூட்டர் அதை வாங்கவில்லை.
அதற்கு நாள் வேண்டும், மாதம் வேண்டும், நடுவில் கோடு வேண்டும்.
போன் போட்டேன். மோட்டார் சத்தத்துக்குள்ளிருந்து
யாரு, எந்த பேங்க்கு, என்றாள்.
பேங்க் இல்லம்மா, யூரியா, என்றேன்.
சிரித்துவிட்டாள்.
ஐப்பசியா கார்த்திகையா, அன்றைக்கு மழையா,
மாமன் சாப்பிட்டுப் போனானா கோபித்துக்கொண்டு போனானா,
ஒன்பது நிமிடம்
இருவருமாய் ஒரு தேதியைத் தோண்டி எடுத்தோம்.

பக்கத்து நிலம் கொழுந்தனுடையது. மருந்தடிக்கிறவன்.
காற்று எந்த அரசாணைக்கும் கட்டுப்படாது என்பதால்
மூன்று மீட்டர் விட்டு அகத்தி வைக்க வேண்டும்,
அதுவும் இவள் பக்கத்தில்.
இடம் விட்டவளுக்குப் பரப்பு குறைந்தது,
பரப்பு குறையவே மானியமும்.
பூஜ்யம் புள்ளி நாலு மூணு ஹெக்டேர்.
நான்தான் அடித்தேன்.

குழு என்றால் இருபது பேர்.
பத்தொன்பதில் நின்றது ஒன்றரை மாதம்.
இருபதாவது விண்ணப்பம் வந்தபோது
சர்வே எண்ணைப் பார்த்துச் சந்தேகப்பட்டு மறுபடி பார்த்தேன்:
அந்தக் கொழுந்தனின் மனைவி.
தாய்வீடு கொடுத்த எட்டு சென்ட், கத்தரி.
கணவர் சம்மதம் என்று நம் படிவத்தில் கலம் இல்லை.
நல்லவேளை.

முகப்பேர் மேற்கில் நாற்பத்திரண்டு வீடுகள்
விதைப்புக்கு முன்பே பணம் கட்டின.
விளைந்தால் அரிசி, பொய்த்தால் பாதி நஷ்டம் எங்களுடையது
என்று இருபது ரூபாய்ப் பத்திரத்தில்
சங்கச் செயலாளர் டெய்சி ராணி கையெழுத்து.
முதல் மூட்டையிலேயே வண்டு.
ஒன்பது வீடுகள் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டன.
மிச்ச முப்பத்துமூன்றும் முறம் வாங்கின.
முறத்துக்கு மானியம் உண்டா என்று டெய்சி அனுப்பிய மனு
இன்னும் ஃபைலில் இருக்கிறது,
பரிசீலனையில்.

மார்ச் முப்பத்தொன்று, மாலை ஏழரை.
செலவாகாத பணம் நள்ளிரவில் கஜானாவுக்குத் திரும்பிவிடும்.
கண்காணிப்பாளர் ஜோதிலிங்கம் செருப்பைக் கழற்றிவிட்டு
நாற்காலியில் சம்மணமிட்டுக் கையெழுத்திட்டார்.
ஏகாம்பரியின் தாளில் முத்திரை:
மாறுதல் நிலை, இரண்டாம் ஆண்டு.
அதற்கடியில் என் தாள்:
ஒப்பந்த நீட்டிப்பு, மேலும் பதினொரு மாதம்.

உப்பை விட்ட மண்ணுக்கு
மூன்று வருடம் பொறுத்தால் சான்று கிடைக்கும்.
நான் இங்கே வந்து ஏழாகிறது.

ஏப்ரல் முதல் நாள் எங்களுக்கு வேலை கிடையாது.
தொடர்ச்சி அறுபடுவதற்காக விடும் ஒரு நாள்.
முகப்பேருக்குப் போனேன்.
வாகன நிறுத்தத்தில் தராசு, மூட்டைகள்,
சாம்பல் நிறப் புடவையில் ஒரு உருவம்.
குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.
இரண்டு கிலோ கேட்டேன்.
எந்த வீடும்மா நீ, எந்த ஆபீசு?
இன்னைக்கு எந்த ஆபீசும் இல்ல, என்றேன்.
நிமிர்ந்து பார்த்தாள்.
யூரியாவா, என்றாள்.

முள் நேராக நின்ற பிறகு
ஒரு கை அள்ளிப் பையில் போட்டாள்.
கொசுறுக்கு எந்தப் படிவத்திலும் கலம் இல்லை.

திரும்பும் பேருந்தில்
பை ஓரத்திலிருந்து வண்டு ஒன்று ஏறி வந்து
என் கட்டணமில்லாச் சீட்டின் மேல்
கொஞ்ச தூரம் நடந்தது.
திருமங்கலம் தாண்டும் வரை
கையை அசைக்காமல் வைத்திருந்தேன்.